கிணற்றடி மண்

கறிவேப்பிலைச் செடிச் சாடியிலிருந்து இரண்டு கரண்டி மண்ணைத் தோண்டிப் பீங்கான் தட்டில் கொட்டி, அதிலிருந்த வெள்ளை மணிகளைப் புஸ்பராணி ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கடையில் பையில் அடைத்து விற்கிற மண்ணில் இந்தச் சனியன் கலந்தே வரும். செடிக்கு நல்லதாம். பார்த்தால் சவ்வரிசி மாதிரி இருக்கும். திருகோணமலைக் கிணற்றடியில் சவ்வரிசி கிடந்ததில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஹோலில் கட்டிலில் கிடக்கிற மாமனாருக்கு அது இன்னும் நன்றாகத் தெரியும்.

“என்ன பிள்ளை, எங்கை வைச்சதெண்டு கண்டுபிடிச்சிட்டியே?” கோணேஸ்வரி மாமி ஹோலிலிருந்து கேட்டாள்.

“ஓம் மாமி. கரைச்சுக்கொண்டு வாறன்.”

மாமனார் வீரக்குட்டியர் படுக்கையில் விழுந்தது பொங்கல் கழிந்த கிழமை. மூளையில் இரத்தம் கட்டி, வலப்பக்கம் முழுவதும் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகு, அண்ணையை முகம் தெரியாத சனத்துக்கு நடுவே சாகவிடக்கூடாது என்று தங்கை கோணேஸ்வரி ஒற்றைக்காலில் நின்று, இந்தக் குளிர்நாட்டில் மகன் இருக்கிற அஜின்கோர்ட் அபார்ட்மென்றுக்குக் கொண்டுவரச் செய்தாள். கொண்டுவந்தாயிற்று. பார்ப்பது மருமகள். காப்புறுதிக் கந்தோரில் லீவு போட்டுவிட்டுப் புஸ்பராணிதான் துடைத்தாள், புரட்டினாள், கஞ்சி பருக்கினாள். கஞ்சி வலது கன்னத்துக்குள் போய் அடைந்துகொள்ளும். விரலை விட்டுத் தோண்டி எடுக்கவேண்டும். அதனால் எதையும் இடது பக்கத்தால் பருக்கப் பழகிக்கொண்டாள். இடது பக்கம் மட்டும் கடைசிவரை அவர் சொன்னபடி கேட்டது.

இப்போது சில நாட்களாகக் கஞ்சியும் இல்லை. மூச்சு மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது. நின்றுவிட்டது என்று எல்லோரும் எழும்பி நிற்கிற நேரத்தில் மறுபடி தொடங்கும். வந்தவர்கள் சலித்துப்போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள்.

“ஏதோ ஆசை பிடிச்சு வைச்சிருக்குது,” என்றாள் மாமி. முதலில் பொன்னாசையாக இருக்கலாம் என்று தன் தாலிக்கொடியை உரசித் தண்ணீர் பருக்கினாள். வீரக்குட்டியர் அதை மடக்கென்று விழுங்கிவிட்டு முன்னைப்போலவே மூச்சு விட்டார். பெண்ணாசை என்று சொல்ல அவளுக்கே கூச்சமாக இருந்திருக்கவேண்டும். மிச்சம் இருந்தது மண்.

“ஊர் மண் ஒரு துளி தொண்டையிலை இறங்கினாத்தான் அண்ணை போவார். இஞ்சை ஆரும் மண் வைச்சிருக்கினமோ?”

ஒருவரிடமும் இல்லை. மிளகாய்த்தூள் கொண்டுவந்தவர்கள் இருந்தார்கள். ஒடியல் கொண்டுவந்தவர்கள் இருந்தார்கள். கோணேசர் கோயில் விபூதியும் இருந்தது. மண்ணை யார் கட்டிக்கொண்டு வருவார்கள்? புஸ்பராணியின் புருசன் மகேஸ்வரன் கோட்டைப் போட்டுக்கொண்டு ஒரு ஸ்குரூட்றைவரோடு கட்டடத்தின் பின்பக்கம் இறங்கிப்போனான். அப்பனுக்காக எதையாவது குத்திக்கொண்டு நிற்பது அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கலாம். நுனி வளைந்த ஸ்குரூட்றைவரோடு திரும்பி வந்தான்.

“மண்ணே இல்லை. எல்லாம் கல்லா இறுகிப்போய்க் கிடக்குது.” பிறகு குசினிக்குள் வந்து, மாமிக்குக் கேட்காத குரலில், “மண் மண்தானே புஸ்பா. கறிவேப்பிலைச் சாடி நிக்குதுதானே,” என்றான். ஹோலுக்குப் போய், மாமிக்குக் கேட்கிற குரலில், “சச்சி ஊரிலையிருந்து வரேக்கை ஒரு பொட்டலம் கொண்டந்தவன் மாமி. எங்கட வளவு மண். புஸ்பா எங்கேயோ எடுத்து வைச்சவள்,” என்றான்.

அவன் எப்போதும் அப்படித்தான். பொய்யைத் தொடக்கிவைத்துவிட்டு விலகிக்கொள்வான். அதை நடத்தி முடிப்பது புஸ்பராணியின் பாடு.

முதற் பொய்யை மட்டும் அவனே முழுதாகச் சொன்னான். எண்பத்தைந்தாம் ஆண்டு, திருகோணமலையில் வீடுகள் எரிந்துகொண்டிருந்த நாட்களில், தகப்பனை இங்கே கூப்பிடுவதற்குத் தொலைபேசியில் சொன்ன பொய் அது. “ரெண்டே ரெண்டு வருசம் அப்பா. பிரச்சினை அடங்கினதும் நானே கூட்டிக்கொண்டுவந்து விடுறன்.”

கிழவர் இலேசில் அசைகிறவர் அல்ல. துறைமுகத்தில் கப்பல் சாமான் தூக்குகிற வின்ச் ஓட்டி ஓய்வுபெற்றவர். கப்பல்காரர்களோடு முப்பது வருடம் சத்தம்போட்ட தொண்டை. அவர் வர மறுத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. மனைவி கமலாம்பிகை செத்து அப்போது அதிக நாளாகவில்லை. எரித்த சாம்பலைக் கடலில் கரைக்க வழியில்லாமல் போயிற்று. கடற்கரைக்கு இறங்கினால் கடற்படை சுட்டது. கடலை முன்னால் வைத்துக்கொண்டே சாம்பல் முட்டியை வளவுக்குள், கிணற்றடியில், தேசிமரத்துக்குக் கீழே புதைத்துவைத்தார். கரை திறந்ததும் எடுத்துக் கரைக்கிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினார். செத்தவளிடம் சொன்னது என்று அவர் அதை இலேசாக எடுக்கவில்லை. தாய்க்கு இங்கேயிருந்தே ஏதாவது சடங்கு செய்து முடிக்கலாமே என்று மகன் ஒருமுறை வாயெடுத்தபோது, அவர் பார்த்த பார்வையில் அவன் வாய் தானாக மூடிக்கொண்டது.

அடுத்த வருடம், ஊரில் அவர்கள் வீடு இருந்த அதே ஒழுங்கைப் பொடியன் சச்சிதானந்தன் அகதியாக வந்து சேர்ந்தான். பிறம்ரனில் ஒரு கிட்டங்கியில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் சோற்றுக்கு இங்கே வருவான். வந்த முதல் நாளே, கிழவர் குளிக்கப் போயிருந்த நேரம், குண்டைத் தூக்கிப் போட்டான்.

“வளவே இல்லை அண்ணை. ஒழுங்கை முழுக்க இடிச்சு ஆமிக்காரன் காம்ப் போட்டிட்டான். கிணத்தை மண் போட்டு மூடி, அதுக்கு மேலாலைதான் ட்ரக் போகுது.”

மகேஸ்வரன் குளியலறைக் கதவைப் பார்த்தான். “அப்பாவுக்கு மூச்சும் விடாதை. வளவைப் பற்றி அவர் என்ன கேட்டாலும் வாயே திறக்கக்கூடாது. சத்தியம் பண்ணு.” சச்சி சத்தியம் பண்ணினான். நல்ல பிள்ளை.

அதற்கடுத்த வருட மாசியில்தான் தொலைக்காட்சியில் அந்தப் படம் போனது. ஞாயிறு பின்னேரம். வெளியே பனி. சச்சியும் வரவில்லை. வேறு எதுவும் செய்ய இல்லாமல் மூன்று பேரும் அதன் முன்னால் இருந்தார்கள். வடதுருவப் பக்கத்து இனுவிற் சனங்களை இந்த நாட்டு அரசாங்கம் இடம் மாற்றிய கதை. கறுப்பு வெள்ளையில் ஒரு கப்பல் வந்தது. கப்பலைக் கண்டதும் வீரக்குட்டியர் கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“உது சின்னக் கப்பல். உதுக்குள்ளை ஏன் இவ்வளவு சனம்?” நாய்கள், கூடாரம், படகு, குழந்தையை மேலங்கியின் முதுகுப்பக்கத் தொப்பிக்குள் வைத்த பெண்கள் எல்லோரும் ஒரு கூழாங்கல் கரையில் இறக்கப்பட்டார்கள். மரம் இல்லை, புல் இல்லை. “சாமான் இறக்கிற மாதிரி இறக்குறான் பார். எதுக்காம் பிள்ளை இறக்குறான்?”

புஸ்பராணி ஊரில் ஆங்கிலம் படிப்பித்தவள். படம் பார்க்கும்போது மாமாவுக்குச் சொல்லிக்கொண்டு போவது அவள் வேலை. நல்ல வேட்டை இருக்குமென்று சொல்லி, தெற்கே இருந்த ஊரிலிருந்து மிகத் தூரம் கொண்டுவந்தார்கள் என்றாள். சேர்ந்து இருக்கலாம் என்று ஏற்றிவிட்டு, கப்பலில் வைத்துச் சொந்தக்காரரைப் பிரித்து வேறுவேறு கரையில் இறக்கினார்கள் என்றாள். அங்கே மாரிகாலத்தில் மாதக்கணக்கில் சூரியனே வராது என்றாள். அதுவரை உள்ளதை உள்ளபடியே சொன்னாள்.

பிறகு நிறம் வந்தது. ஒரு கிழவர், குசினி மேசையில், கையில் தேநீர்க் கோப்பையோடு, தன் பாஷையில் பேசினார். அடியில் ஆங்கில எழுத்து ஓடியது.

“என்ன சொல்லுறான் மனுசன்?”

“ரெண்டு வருசம் இருந்து பாருங்கோ, பிடிக்காட்டித் திருப்பிக் கொண்டுவந்து விடுறம் எண்டு சொல்லித்தான் ஏத்தினவையாம் மாமா.”

சொல்லிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. வீரக்குட்டியர் திரும்பி மகனைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

“பிறகு?”

திரையில் அந்த மனிதர் சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கோடையும் கப்பல் வரும்போது என் தகப்பன் கரைக்குப் போய்க் கேட்பார். அடுத்த வருடம் என்பார்கள். முப்பத்துநாலு வருடமாகிறது. தகப்பன் இங்கேதான் கிடக்கிறார். அவர் கோப்பையை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார். சோபாவிலிருந்து மகேஸ்வரன் மனைவியைப் பார்த்து, தகப்பனுக்குத் தெரியாமல், சொல்லாதே என்று தலையை ஒருமுறை ஆட்டினான்.

“பிறகு கொண்டுபோய் விட்டிட்டினமாம் மாமா.”

“எல்லாரையுமோ?”

“எல்லாரையும்.”

“அப்ப ஏன் மனுசன் அழுறான்?”

“சந்தோசத்திலை.”

படத்தில் காற்றடிக்கிற வெளியும், மனித நீளத்துக்குக் குவித்துவைத்த கற்களும் வந்தன. நிலம் உறைந்து கிடந்ததால் தோண்ட முடியாமல் கல்லால் மூடிய புதைகுழிகள். உது என்ன என்று அவர் கேட்டார். மீன் காயவைக்கிற இடம் என்றாள். ஒரு பொய் சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் இலேசாக வரும் என்பதை அன்றைக்கு அவள் கண்டுகொண்டாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. கிழவரின் முகம் அப்படி மலர்ந்திருந்தது.

“பார்த்தியே தம்பி,” என்று மகனிடம் சொன்னார். “வெள்ளைக்காரன் சொன்னாச் சொன்னதுதான்.”

அதிலிருந்து வீட்டில் அந்த மனிதர் ஒரு சொந்தக்காரராகிவிட்டார். “அந்த மனுசன் இப்ப தன்ர இடத்திலை இருந்து தேத்தண்ணி குடிப்பான், என்ன பிள்ளை?” என்று கேட்பார். ஓம் மாமா என்பாள். ஆடியில் இந்திய இராணுவம் இறங்கிய செய்தி வந்ததும் பெட்டியை எடுத்துத் துடைத்தார். உடுப்பை மடித்து வைத்தார். கமலாம்பிகைக்கென்று ஒரு புதுச் சேலையும் வாங்கச் சொன்னார், கரைக்கும்போது கூடவே விடுவதற்கு. புஸ்பராணி போய் வாங்கிவந்தாள். நிறம் நல்லாயிருக்குது என்றார். ஐப்பசியில் அங்கே திரும்பவும் சண்டை தொடங்கியது. மகேஸ்வரன் “அடுத்த வருசம் அப்பா” என்றான். கிழவர் தலையாட்டினார். பெட்டியைத் திறக்கவில்லை. கட்டிலுக்குக் கீழே அது ஆயத்தமாக இருந்தது.

இந்தப் பொங்கலுக்கு முதல் ஞாயிறு, அதே படத்தைத் திருப்பிப் போட்டார்கள்.

மகேஸ்வரன் காரைக் கொண்டு வெளியே போயிருந்தான். புஸ்பராணி குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். ஹோலில் கிழவரும் சச்சியும். வளவைப் பற்றி வாய் திறக்கக்கூடாது என்று சச்சிக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். படத்தைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லிவைக்கவில்லை.

“உதை நான் முதலே பார்த்தனான் தம்பி. நல்ல படம். ரெண்டு வருசத்தாலை கொண்டுபோய் விட்டிட்டாங்கள்.”

சச்சி பின்னேரங்களில் ஆங்கில வகுப்புக்குப் போகிறவன். அடியில் ஓடுகிற எழுத்தை இப்போது கொஞ்சம் வாசிப்பான். வாசிக்க முடிகிற சந்தோஷம் அவனுக்கு.

“இல்லை ஐயா. கொண்டுபோய் விடேல்லையாம். இன்னும் அங்கைதானாம் இருக்கினம். அவர்ர தகப்பன் கேட்டுக் கேட்டே செத்துப்போனாராம். அதுதான் அழுறார்.”

புஸ்பராணி கத்தியை வைத்தாள். இரண்டு எட்டு வைத்தால் ஹோல். போய் ஏதாவது சொல்லியிருக்கலாம், இல்லை தொலைக்காட்சியையாவது நிறுத்தியிருக்கலாம். அவள் பாதி வெட்டிய வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“பொறு தம்பி. உந்தக் கல்லு?”

“சவக்காலை ஐயா. தோண்ட ஏலாதாம். கல்லைப் போட்டு மூடினவையாம்.”

படத்தின் சத்தம் குசினிவரை கேட்டது. காற்று, நாய்.

“அப்ப என்ர வளவு?” என்றார் வீரக்குட்டியர்.

சச்சி சத்தியத்தை மீறவில்லை. வாயே திறக்கவில்லை. தேநீர்க் கோப்பைக்குள் குனிந்துகொண்டான். கிழவருக்கு அதுவே போதுமாயிருந்தது.

மத்தியானம் எல்லோரும் சேர்ந்துதான் சாப்பிட்டார்கள். அவரும் சாப்பிட்டார். புஸ்பராணி இரண்டாம் முறை சோறு போடக் குனிந்தபோது, கோபம் ஒன்றும் இல்லாமல், “பிள்ளைக்கு இங்கிலீஸ் நல்லாத் தெரியும், என்ன?” என்றார். அவள் சோற்றைப் போட்டாள். மகேஸ்வரன் குழம்பைக் கேட்டான். அவர் தன்னைத் திட்டியிருந்தால், கோப்பையைத் தூக்கி எறிந்திருந்தால் நல்லாயிருந்திருக்கும் என்று அவள் பிறகு பலமுறை நினைத்தாள். பின்னேரம் அவர் கட்டிலுக்குக் கீழிருந்த பெட்டியை இழுத்தெடுத்து, உடுப்புகளை ஒவ்வொன்றாக அலுமாரிக்குள் அடுக்கினார். சேலையைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார். “நீ உடு.” அதற்குப் பிறகு அவர் அவளிடம் எதையும் கேட்கவில்லை. அடுத்த கிழமை குளியலறைக்குள் விழுந்து கிடந்தார்.

பீங்கானில் இனி வெள்ளை எதுவும் தெரியவில்லை. மண்ணைக் கோப்பைக்குள் தட்டி, தண்ணீர் விட்டு, சுண்டுவிரலால் கலக்கினாள். நல்ல கறுப்பாக இருந்தது. ஊர் மண் செம்மணல். ஹோலில் வெளிச்சம் குறைவுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு அங்கே போனாள்.

மாமி தலைமாட்டில் தேவாரப் புத்தகத்தோடு நின்றாள். மகேஸ்வரன் காலடியில் நின்று சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“சும்மா பருக்காதை பிள்ளை. எந்த மண்ணெண்டு சொல்லிப் பருக்கு. அப்பதான் ஆசை அறும்.”

புஸ்பராணி கட்டில் ஓரத்தில் இருந்தாள். இடது கண் அவளைப் பார்த்தது. பிறகு கோப்பையைப் பார்த்தது. மறுபடி அவளைப் பார்த்தது. மூச்சு இழுத்தது, நின்றது, இழுத்தது. வளவு மண் என்று மட்டும் சொல்லியிருக்கலாம். அதோடு நிறுத்தியிருக்கலாம். முடிந்துபோகட்டும் என்றிருந்தது அவளுக்கு. அவருக்காகவா தனக்காகவா என்று அந்த நேரம் யார் பிரித்துப் பார்த்தார்கள்.

“கிணத்தடி மண் மாமா,” என்றாள். “தேசிமரத்தடி.”

கிழவர் வாயைத் திறந்தார். அவள் எதிர்பார்க்கவில்லை. உதட்டின் இடது ஓரம் தானாக விலகியது. மூன்று கரண்டி விட்டாள். இருமவில்லை. சிந்தவில்லை. வாய் மூடிக்கொண்டது. பிறகு தலையை, அந்த உடம்பில் மிச்சமிருந்த அவ்வளவு பலத்தையும் கூட்டி, சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். மாமி பாடத் தொடங்கினாள். இரண்டாம் பதிகம் முடிவதற்குள் மூச்சு நின்றது. இந்த முறை மறுபடி தொடங்கவில்லை.

“பார்த்தியளே?” மாமி புத்தகத்தை மூடிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “இறங்கினதுதான் தாமதம்.”

மகேஸ்வரன் கட்டிலின் மரச்சட்டத்தில் தலையை வைத்துச் சத்தம்போட்டு அழுதான். அழுகையில் பொய் இல்லை. புஸ்பராணி கோப்பையைக் கழுவப் போனாள்.

சடங்கு மண்டபத்தில் சனம் நிறைந்திருந்தது. ஊர்ச்சனம் அதிகம் இல்லாத காலம், ஆனாலும் சாவென்றால் எப்படியோ வந்து சேர்ந்துவிடுவார்கள். பெட்டியைத் திறக்க முன்பு, கறுப்புக் கோட் போட்ட மண்டபத்துக்காரர் வெளியே வந்து, வீட்டாரில் ஒருவரோடு தனியாகப் பேசவேண்டும் என்றார். மகேஸ்வரன் ஐயரோடு நின்றான். “புஸ்பா, நீ போய்க் கேள். உனக்குத்தானே இங்கிலீஸ்.”

பக்கத்து அறையில் அந்த வெள்ளைக்காரர் கதவைச் சாத்திவிட்டுத் தயங்கினார். நல்ல மனிதர். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். உங்கள் மாமனாரின் வாய்க்குள் மண் இருந்தது. பல்லை இறுகக் கடித்துக்கொண்டிருந்தார், திறக்கச் சிரமமாயிருந்தது. ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்திருந்தார். இங்கே. அவர் தன் இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டினார்.

“இடது பக்கமா?” என்று கேட்டாள். “நிச்சயமாகத் தெரியுமா?”

நிச்சயம் என்றார். உங்கள் சமயத்தில் அது முக்கியமான ஏதாவதாக இருக்கலாம், கொட்டிவிட மனம் வரவில்லை. மருந்துக் குளிசை போடுகிறதைப் போன்ற ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பியை அவள் கையில் வைத்தார். உள்ளே கறுப்பு மண். அதன் நடுவில் ஒரு வெள்ளை மணி.

அவள் நன்றி சொன்னாள். டப்பியைக் கைப்பைக்குள் போட்டு அதன் வாயை இழுத்து மூடினாள்.

வெளியே மாமி காத்துக்கொண்டு நின்றாள். “என்னவாம் பிள்ளை வெள்ளைக்காரன்?”

“முகம் நல்ல அமைதியா இருக்குதாம் மாமி,” என்றாள் புஸ்பராணி. “ஒரு குறையும் இல்லாமப் போயிருக்கிறாராம்.”

“நான் சொன்னனான்தானே.” மாமி அதைப் பக்கத்தில் நின்ற பெண்ணிடம் சொன்னாள். அந்தப் பெண் மற்றவளிடம் சொன்னாள். வரிசையில் வந்தவர்கள் புஸ்பராணியின் கையைப் பிடித்து, கடைசிநேரம் மண் கொடுத்து அனுப்பிய புண்ணியம் உனக்குத்தான் என்றார்கள். பின்வரிசையில் ஓரமாக நின்ற சச்சியை மாமி கையைப் பிடித்து முன்னுக்கு இழுத்து வந்தாள். “உவன்தான் கொண்டந்த பொடியன். இவ்வளவு சாமான் இருக்க, மண்ணைக் கட்டிக்கொண்டு வர வேணுமெண்டு உனக்கு எப்பிடியடா தம்பி தோன்றினது?”

சச்சி புஸ்பராணியைப் பார்த்தான். அவள் நிலத்தைப் பார்த்தாள். அவன் இந்த முறையும் வாய் திறக்கவில்லை.

வாய்க்கரிசி போடும்போதுதான், வாய் திறக்காது என்பது சனத்துக்குத் தெரிந்தது. இந்த நாட்டில் உள்ளால் தைத்துவிடுவார்களாம். எல்லோரும் உதட்டின் மேல் போட்டார்கள். அரிசி கன்னத்தால் உருண்டு வெள்ளைப் பட்டில் விழுந்தது. புஸ்பராணியின் முறை வந்தபோது அவள் போட்டதும் உருண்டது, இடது பக்கமாக. கன்னம் ஒட்டி, துடைத்துச் சுத்தமாக இருந்தது. பின்னால் நின்றவர்கள் மெல்ல நெருக்கினார்கள். அவள் நகர்ந்தாள்.

ஆண்கள் தகனத்துக்குப் போக, பெண்கள் வீடு கழுவத் திரும்பினார்கள். கட்டில் கிடந்த இடத்தைத் துடைத்து முடித்ததும் மாமி குசினிக் கதவில் சாய்ந்துகொண்டு நின்றாள். அழுது அழுது அவள் முகம் வீங்கியிருந்தது. அவளும் அதே ஒழுங்கையில் பிறந்தவள்தான். அதே கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்தவள். அந்தக் கிணறு இன்னும் இருக்கிறது என்றே அவளும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

“பிள்ளை, அண்ணைக்குக் கரைச்சது போக மிச்சம் இருக்குதோ?”

“என்ன மாமி?”

“அந்த மண். கொஞ்சம் இருந்தா எனக்கும் ஒரு போத்தலிலை போட்டுத் தா. நானும் இஞ்சைதான் சாகப்போறன். என்ர நேரம் வரேக்கை உங்களுக்குக் கரைச்சல் இல்லாமல் இருக்கட்டும்.”

புஸ்பராணி ஈரத் துணியைப் பிழிந்து காயப்போட்டாள். கையைத் துடைத்தாள்.

“இருக்குது மாமி. நீங்கள் போய்க் கொஞ்சம் சரியுங்கோ. எடுத்துவைக்கிறன்.”

மாமி போன பிறகு, அலுமாரியிலிருந்து வெறும் ஊறுகாய்ப் போத்தல் ஒன்றை எடுத்துக் கழுவினாள். அடுப்புக்கு மேலேயுள்ள லைற்றைப் போட்டாள். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டாள். கறிவேப்பிலைச் சாடியில் பழைய குழி அப்படியே இருந்தது. அதற்குப் பக்கத்தில் கரண்டியை இறக்கி, மண்ணைப் பீங்கானில் கொட்டி, பரப்பி, வெள்ளை மணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினாள். இந்த முறை அவசரப்படாமல், ஆறுதலாகப் பொறுக்கினாள்.